உதரவிதானக் குடலிறக்கமும் எக்மோவும்: பெற்றோரிடம் சொல்லப்படும் சதவீதம் எதைக் குறிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தில் பிறவியிலேயே துளையுடன் (இதுவே உதரவிதானக் குடலிறக்கம்) பிறந்து, வென்டிலேட்டரின் துணையும் போதாமல், உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றும் எக்மோ கருவியில் வைக்கப்படும் பச்சிளங்குழந்தைகளைப் பற்றிய செய்திகளில், "பிழைக்கும் வாய்ப்பு இத்தனை சதவீதம்" என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. அந்தச் சதவீதம் எந்தக் குழந்தைகளைக் கொண்டு, எந்த நேரத்தில், எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விளக்கம் அநேகமாக எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் என்ற முறையில், இந்த ஒரு வரியால் பெற்றோர்கள் எடுக்கும் முடிவுகளை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைத் தீர்ப்பாகக் கொள்வது தவறு என்பதையும், ஆனால் அதை மறைப்பதும் தவறு என்பதையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கடிதம் சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

எக்மோ என்ற சொல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது 2016 டிசம்பரில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் கடைசி நாள்களில். மீண்டும் 2020-ல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் சிகிச்சையின்போது அதே சொல்லை நாள்தோறும் கேட்டோம். இரண்டும் துயரத்தில் முடிந்ததால், எக்மோ என்றாலே எல்லாம் முடிந்த பிறகு வைக்கப்படும் கருவி என்ற எண்ணம் நம் மக்களிடம் வேரூன்றிவிட்டது. பச்சிளங்குழந்தைகளின் கதை அப்படியன்று. இந்தக் கருவி தன் மதிப்பை முதலில் உறுதியாக நிலைநாட்டியதே அவர்களிடம்தான். 1975-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், மலம் கலந்த பனிக்குட நீரை மூச்சில் இழுத்துவிட்ட ஒரு பெண் குழந்தையை இந்தக் கருவியால் காப்பாற்றினார். அதே நோய்க்கு எக்மோவில் வைக்கப்படும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் இன்று பிழைக்கிறார்கள். உதரவிதானக் குடலிறக்கத்துக்காக வைக்கப்படும் குழந்தைகளிலோ ஏறத்தாழப் பாதிப் பேர்தான் பிழைக்கிறார்கள். ஒரே கருவி, ஒரே வயது, ஒத்த எடை இருந்தும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதைப் புரிந்துகொண்டால்தான், முன்கணிப்பு ஏன் இவ்வளவு கடினம் என்பதும் புரியும்.

நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்திரையான உதரவிதானம், கருவின் எட்டாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 2,500 முதல் 3,000 பிறப்புகளுக்கு ஒன்றில் அது முழுமையாக மூடுவதில்லை. பெரும்பாலும் இடப்பக்கத்தில், பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகளில், அந்தத் துளை வழியாகக் குடலும் இரைப்பையும் மண்ணீரலும் சில வேளைகளில் கல்லீரலும் நெஞ்சுக்குள் ஏறிவிடுகின்றன. நுரையீரல் கிளைவிட்டு வளர வேண்டிய மாதங்களில் அதற்கு இடமில்லாமல் போகிறது. இடப்பக்க நுரையீரல் மட்டுமல்லாமல், இதயமும் நெஞ்சின் நடுப்பகுதியும் எதிர்ப்பக்கம் தள்ளப்படுவதால் வலப்பக்க நுரையீரலும் குறைவாகவே வளர்கிறது. காற்றறைகள் குறைவு, இரத்தக்குழாய்களின் எண்ணிக்கையும் குறைவு, இருக்கும் குழாய்களின் சுவர்களும் தடித்தவை. ஆகவே நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறி, பிறந்த பிறகும் இரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் கருவில் ஓடிய பழைய வழியிலேயே ஓடுகிறது. துளையைத் தைத்து மூடுவது அறுவை மருத்துவர்களுக்குப் பழகிய வேலை. வளராத நுரையீரலை எந்த அறுவையாலும் வளர்க்க முடியாது.

எக்மோ எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. கழுத்தின் வலப்பக்கச் சிரையிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு சவ்வின் வழியாக ஆக்சிஜனை ஏற்றி, கரியமில வாயுவை நீக்கி, தமனி வழியாகவோ சிரை வழியாகவோ திருப்பி அனுப்புகிறது. இந்த ஏற்பாடு நுரையீரலுக்கும் இதயத்துக்கும் சில நாள்களோ சில வாரங்களோ ஓய்வு தருகிறது. பனிக்குட நீரை இழுத்த குழந்தையின் நுரையீரல் முழுமையாக வளர்ந்தது, அழற்சியால் தற்காலிகமாகச் செயலிழந்தது. ஓய்வு கிடைத்தால் அது தேறிவிடும். உதரவிதானக் குடலிறக்கத்திலோ, மூச்சுத்திணறலில் எந்தப் பங்கு தேறக்கூடிய தமனி அழுத்தத்தால் வந்தது, எந்தப் பங்கு தேறவே முடியாத வளர்ச்சிக் குறையால் வந்தது என்பதை வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடிவதில்லை. இதய இடக் கீழறை பலவீனமாக இருந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. முன்கணிப்புச் சூத்திரங்கள் எல்லாம், ஏதோ ஒரு வழியில், இந்த இரண்டு பங்குகளைப் பிரித்தறியச் செய்யப்படும் முயற்சிகளே.

அவற்றுள் சில கருவிலேயே தொடங்குகின்றன. ஐந்தாம் மாத ஸ்கேனில் எதிர்ப்பக்க நுரையீரலின் பரப்பைத் தலையின் சுற்றளவோடு ஒப்பிட்டு, அந்த வாரத்தில் இயல்பாக இருக்க வேண்டிய அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். 25 சதவீதத்துக்குக் குறைந்தால் கடுமையானது என்று வகைப்படுத்துகிறார்கள். கல்லீரல் மேலே ஏறியிருந்தால் நிலை மேலும் மோசம். இந்த அளவு வெறும் ஏட்டு அளவன்று. பெல்ஜியத்தின் லூவன் நகரிலுள்ள மருத்துவர் யான் டெப்ரெஸ்ட் தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கடுமையான வகைக் கருக்களின் மூச்சுக்குழாயில் ஏழாம் மாத வாக்கில் சிறு பலூனை வைத்துப் பின்னர் எடுத்தபோது 40 சதவீதத்தினர் உயிருடன் வீடு திரும்பினர். பலூன் வைக்கப்படாதவர்களில் 15 சதவீதத்தினரே திரும்பினர். யாருக்கு இந்தச் சிகிச்சை என்று தேர்ந்தெடுக்க உதவியது அந்த நுரையீரல் அளவுதான். முன்கணிப்பு ஒரு சிகிச்சையை உரியவரிடம் கொண்டு சேர்த்ததற்கு இது நல்ல சான்று.

பிறந்தவுடன் செய்யப்படும் கணிப்புகளும் உண்டு. உலகின் பல மருத்துவமனைகள் 1995 முதல் தங்கள் குழந்தைகளின் விவரங்களை அனுப்பிவரும் உதரவிதானக் குடலிறக்க ஆய்வுக்குழு, பிறப்பு எடையையும், மூச்சு, இதயத் துடிப்பு, நிறம் முதலியவற்றைப் பார்த்துப் பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் தரப்படும் அப்கார் மதிப்பெண்ணையும் மட்டும் கொண்டு ஒரு சூத்திரத்தை 2001-ல் வெளியிட்டது. 2014-ல் வந்த மற்றொரு மதிப்பெண் முறை இவற்றோடு கடுமையான நுரையீரல் தமனி அழுத்தம், பெரிய இதயக் குறை, குரோமோசோம் குறை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு குழந்தைகளை மூன்றாகப் பிரித்தது. அதில் குறைந்த ஆபத்துப் பிரிவில் இறப்பு பத்து சதவீதத்துக்குக் கீழ், உயர்ந்த ஆபத்துப் பிரிவில் ஏறத்தாழ ஐம்பது சதவீதம். முதல் நாளில் எட்டப்பட்ட மிகச் சிறந்த ஆக்சிஜன் அளவையும் கரியமில வாயு அளவையும் கொண்டு கணிக்கும் முறைகளும் இருக்கின்றன. கரியமில வாயுவை வெளியேற்ற முடிகிறதா என்பது எவ்வளவு நுரையீரல் இருக்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி என்பதை, படுக்கையருகே நின்ற எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்வார்.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. மேலே சொன்ன சூத்திரங்கள் இந்தக் குறையுடன் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் கொண்டு உருவாக்கப்பட்டவை. அவற்றை எடுத்து, ஏற்கெனவே எக்மோவில் இருக்கும் குழந்தைக்குப் பொருத்திப் பெற்றோரிடம் எண் சொல்லும் வழக்கம் பரவிவருகிறது. எக்மோவுக்கு வரும் குழந்தைகள் அனைவரும் கடுமையான நிலையில் இருப்பவர்களே. வென்டிலேட்டரில் எவ்வளவு அழுத்தமும் எவ்வளவு ஆக்சிஜனும் கொடுத்து இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் கிடைக்கிறது என்பதைச் சொல்லும் ஆக்சிஜனேற்றக் குறியீடு 40-ஐத் தாண்டிய பிறகே பெரும்பாலும் இந்த முடிவு எடுக்கப்படுகிறது. இன்னொரு முனையில், இரண்டு கிலோவுக்குக் குறைந்தவர்கள், 34 வாரங்களுக்கு முன் பிறந்தவர்கள், மூளையில் பெரிய இரத்தக்கசிவு உள்ளவர்கள் ஆகியோரைப் பொதுவாக எக்மோவில் வைப்பதில்லை. இரு முனைகளும் வெட்டப்பட்ட பிறகு எஞ்சும் குழந்தைகள் ஒருவரையொருவர் மிகவும் ஒத்திருக்கிறார்கள். பொதுத்தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டு, அந்த வகுப்பில் யார் முதலிடம் பெறுவார் என்று அதே பழைய மதிப்பெண்ணைக் கொண்டு சொல்ல முற்பட்டால் எவ்வளவு தடுமாறுவோமோ, அவ்வளவு தடுமாற்றம் இதிலும் உண்டு. எல்லாக் குழந்தைகளிடமும் நன்றாக வேலை செய்த அளவுகோல் இந்தச் சிறு கூட்டத்துக்குள் தன் கூர்மையை இழந்துவிடுகிறது.

இதை உணர்ந்த ஆய்வாளர்கள், எக்மோவில் வைக்கப்பட்ட குழந்தைகளை மட்டுமே கொண்டு புதிய சூத்திரங்களை உருவாக்கினார்கள். எக்மோ சிகிச்சை தரும் மருத்துவமனைகளின் பன்னாட்டு அமைப்பான எல்சோ 1989-ல் தொடங்கப்பட்டது. அது பராமரிக்கும் பதிவேட்டிலிருந்து 2000 முதல் 2015 வரையிலான நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உதரவிதானக் குடலிறக்கக் குழந்தைகளை எடுத்து அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு கணிப்புகளைச் செய்தார்கள். ஒன்று கருவியில் வைப்பதற்கு முன்பே கிடைக்கும் விவரங்களைக் கொண்டது: பிறப்பு எடை, அப்கார், இரத்தத்தின் அமிலத்தன்மை, உடனிருக்கும் இதயக் குறை முதலியவை. மற்றொன்று கருவியில் இருக்கும்போது நேரும் சிக்கல்களையும் சேர்த்துக்கொண்டது. முதல் கணிப்பின் திறன் மிதமானதாகவே இருந்தது. இரண்டாவது அதைவிட மேம்பட்டதாக இருந்தது.

மிதமானது என்பதன் பொருளைப் பெற்றோருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். பிழைத்த ஒரு குழந்தையையும் இறந்த ஒரு குழந்தையையும் இணையாக எடுத்து, எந்தக் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்று சூத்திரத்திடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நாணயத்தைச் சுண்டினாலே பத்து இணைகளில் ஐந்துக்குச் சரியான விடை கிடைக்கும். மிதமான சூத்திரம் ஆறு அல்லது ஏழு இணைகளுக்குச் சரியாகச் சொல்லும். மருத்துவமனைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கும், ஆய்வுகளில் இரு பிரிவுக் குழந்தைகளின் நிலை சமமாக இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்கும் இது பயன்படும். ஒரே ஒரு குழந்தையின் கருவியை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு இதை விடையாகக் கொள்ள முடியாது. அதை உருவாக்கிய ஆய்வாளர்களின் எண்களே இதைச் சொல்கின்றன.

இரண்டாவது சூத்திரம் மேம்பட்டது என்றேன். ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு, இரத்தப்போக்கு, தொற்று, கருவியில் கழித்த நாள்களின் எண்ணிக்கை ஆகியவை குழந்தை மோசமாகிக்கொண்டிருப்பதன் அடையாளங்களும்கூட. கருவியில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுக்க வேண்டியிருப்பதால் இரத்தக்கசிவு எக்மோவின் நிழலாகவே கூட வருகிறது. அதனால்தான் உச்சிக்குழி வழியாக மூளையை அடிக்கடி ஸ்கேன் செய்து பார்க்கிறோம். இவை நேர்ந்த பிறகு கணிப்பு கூர்மையாவது இயல்புதான். முடிவெடுக்க அறிவு தேவைப்பட்ட முதல் நாளில் அந்த அறிவு கையில் இருப்பதில்லை.

இன்னும் ஆழமான ஒரு சிக்கலை வாசகர்கள் பொறுமையுடன் கவனிக்க வேண்டுகிறேன். பதிவேட்டில் "இறப்பு" என்று எழுதப்பட்டவற்றுள் எத்தனை, கருவி இருந்தும் நிகழ்ந்த இறப்புகள்? எத்தனை, இனிப் பயனில்லை என்று முடிவுசெய்து கருவியை நிறுத்தியதால் நிகழ்ந்தவை? சில மருத்துவமனைகள் இரண்டு வாரங்களுக்குப் பிறகு முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றன, சில இன்னும் பல வாரங்கள் காத்திருக்கின்றன. முதல் வகை மருத்துவமனையில் மூன்றாவது வாரத்தைத் தாண்டிய குழந்தைகள் பிழைப்பதே இல்லை என்ற கணக்கு வருமானால், அதற்கு ஒரு காரணம் அவர்கள் மூன்றாவது வாரத்தைத் தாண்ட விடப்படவில்லை என்பதாக இருக்கலாம். அந்தக் கணக்கை வைத்தே அடுத்த குழந்தையையும் நிறுத்தினால், கணிப்பு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. நிறுத்தக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மீள முடியாத மூளைக்காயம் அடைந்த குழந்தையின் துன்பத்தை நீட்டிக்கக்கூடாது என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. நிறுத்தும் முடிவுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் எண்ணுக்குள் முந்தைய நிறுத்தல்களும் கலந்திருக்கின்றன என்பதை அந்தப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அறுவை சிகிச்சைக்கு உரிய நேரத்தைப் பற்றிய விவாதத்திலும் இதே வகைப் பிழை நுழைகிறது. எக்மோவிலிருந்து விடுபட்ட பிறகு துளையை மூடிய குழந்தைகள், கருவியில் இருக்கும்போதே மூடப்பட்ட குழந்தைகளைவிட அதிகம் பிழைக்கிறார்கள் என்று பல அறிக்கைகள் காட்டின. காத்திருப்பதே நல்லது என்ற முடிவுக்கு இதிலிருந்து உடனே போய்விட முடியாது. கருவியிலிருந்து விடுபடும் அளவுக்குத் தேறியவர்கள் மட்டுமே முதல் வரிசையில் எண்ணப்படுகிறார்கள். விடுபடாமலேயே, அறுவையும் செய்யப்படாமல் இறந்தவர்கள் அந்த வரிசைக்குள் வருவதே இல்லை. ஒரு குழந்தை ஒரு வரிசையில் சேர்வதற்கே முதலில் உயிருடன் இருந்தாக வேண்டும் என்றால், அந்த வரிசையின் சதவீதம் உயர்ந்துதான் இருக்கும். இந்த எளிய உண்மையைத் தவறவிட்டதால் சிகிச்சை முறைகளே தவறாக எடைபோடப்பட்டிருக்கின்றன.

இந்த நோயில் எக்மோ உண்மையிலேயே உயிர் காக்கிறதா என்ற அடிப்படைக் கேள்விக்கும் நேர்மையான விடை சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்துச் செய்யப்பட்ட பெரிய ஆய்வு, 1996-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு. 185 குழந்தைகள் சேர்ந்த அந்த ஆய்வில், எக்மோ பிரிவில் 93 பேரில் 30 பேரும், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 92 பேரில் 54 பேரும் இறந்தனர். எக்மோவின் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. ஆனால் அவர்களுள் உதரவிதானக் குடலிறக்கம் இருந்தவர்கள் 35 பேர் மட்டுமே. எக்மோ பிரிவிலிருந்த 18 பேரில் 14 பேர் இறந்தனர், மற்றப் பிரிவிலிருந்த 17 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நான்கு உயிர்கள் காக்கப்பட்டதைச் சிறிதாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் இவ்வளவு சிறிய எண்ணிக்கையின் மேல் பெரிய உறுதிமொழிகளைக் கட்டக்கூடாது. அது முப்பதாண்டுகளுக்கு முந்தைய வென்டிலேட்டர் முறைகளின் காலம் என்பதையும் மறக்கக்கூடாது.

அதன் பிறகு மாறியவை பல. நுரையீரலைக் கடும் அழுத்தத்தால் விரிக்காமல், கரியமில வாயு சற்று உயர்ந்திருப்பதைப் பொறுத்துக்கொண்டு மென்மையாகக் காற்றூட்டும் முறையை நியூயார்க்கின் கொலம்பியா மருத்துவமனையினர் வளர்த்தெடுத்தனர். அதே மென்மையுடன், அறுவையை அவசரப்படுத்தாமல் சிகிச்சை பெற்ற 120 குழந்தைகளில் 75.8 சதவீதத்தினர் பிழைத்ததாக அவர்கள் 2002-ல் அறிவித்தனர். இதனால் முன்பு எக்மோவுக்குப் போயிருக்கக்கூடிய பல குழந்தைகள் இப்போது அது இல்லாமலேயே பிழைக்கிறார்கள். எக்மோவுக்கு வந்து சேர்பவர்கள் முன்பைவிடக் கடுமையான நிலையில் உள்ளவர்கள். எல்சோ பதிவேட்டில் இந்த நோய்க்கான பிழைப்பு விகிதம் பல ஆண்டுகளாக உயராமலேயே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். கருவியின் பயன் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்வது பிழை. ஆகவே ஒரு சூத்திரம் எந்த ஆண்டுகளின் குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்டது என்று கேட்பது வீண் கேள்வியன்று.

இந்த எண்களை நம் மாநிலத்துக்குக் கொண்டுவரும்போது இன்னொரு தடையும் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டில், பொதுவான விகிதப்படி முந்நூறு குழந்தைகளாவது இந்தக் குறையுடன் உருவாக வேண்டும். அவர்களில் சிலரின் கர்ப்பம் ஸ்கேனுக்குப் பிறகு சட்டப்படி கலைக்கப்படுகிறது. சிலர் நோய் கண்டறியப்படாமலேயே பிரசவ அறையில் இறந்துவிடுகிறார்கள். சிலர் ஆம்புலன்சில் இறக்கிறார்கள். பெரிய மருத்துவமனையின் வாசலை உயிருடன் அடைபவர்களை மட்டும் எண்ணினால் கிடைக்கும் சதவீதம், அந்த மருத்துவமனையின் சிறப்பை மட்டுமன்று, வழியில் இழந்தவர்களையும் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது. பிறந்தவுடன் முகமூடி வைத்துக் காற்றை அழுத்தினால் இரைப்பையும் குடலும் நெஞ்சுக்குள்ளேயே உப்பி, இருக்கும் சிறு நுரையீரலையும் நசுக்கும். உடனே மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி, இரைப்பைக் குழாய் வழியாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். இதை அறிந்த ஒருவர் பிரசவ அறையில் இருந்தாரா என்பது எந்தச் சூத்திரத்திலும் இல்லை. ஐந்தாவது நிமிட அப்கார் மதிப்பெண்ணுக்குள் அது ஒளிந்திருக்கிறது.

இவ்வளவு குறைகளைச் சொன்ன பிறகும், பெற்றோரிடம் எண்ணே சொல்லக்கூடாது என்பாரோடு நான் உடன்பட மாட்டேன். எங்கள் காலத்தில் "கடவுள் விட்ட வழி" என்று சொல்லி முடித்துவிடும் மூத்த மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நிலத்தை அடகு வைத்து, நகையை விற்று, நாள் ஒன்றுக்குப் பெருந்தொகை செலவாகும் கருவிக்குப் பணம் கட்டும் தகப்பனுக்கு, தான் எதை எதிர்பார்க்கலாம் என்று அறியும் உரிமை உண்டு. பேறுகால வார்டில் படுத்துக்கொண்டு, குழந்தையை இன்னும் தொட்டுக்கூடப் பார்க்காத தாய்க்கும் அந்த உரிமை உண்டு. "புள்ள பொழச்சிருமா டாக்டர்?" என்று கேட்கும் மாமியாரிடமும் தாத்தாவிடமும் சூத்திரத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. "இப்படிப்பட்ட பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து குழந்தைகள் வீட்டுக்குப் போகிறார்கள். உங்கள் குழந்தை எந்த ஐந்தில் சேரும் என்று இன்று எங்களால் சொல்ல முடியாது. மூன்று நாள்களில் இன்னும் கொஞ்சம் தெரியும், அப்போது மீண்டும் உட்கார்ந்து பேசுவோம்" என்று சொன்னால் அவர்களுக்கு விளங்குகிறது. சொன்ன நாளில் மருத்துவர் மீண்டும் வந்து உட்கார வேண்டும், எண் மாறியிருந்தால் அது ஏன் மாறியது என்றும் சொல்ல வேண்டும். ஒரே எண்ணை முதல் நாளில் சொல்லிவிட்டு மறைந்துபோகும் மருத்துவரைவிட, நிச்சயமின்மையை அவர்களோடு சேர்ந்து சுமக்கும் மருத்துவரையே குடும்பங்கள் நம்புகின்றன. முடிவு எதுவானாலும் பின்னர் தங்களைத் தாங்களே குற்றம் சாட்டிக்கொள்வதும் அப்போது குறைகிறது.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள், இத்தகைய செய்திகளில் சதவீதத்தை அச்சிடும்போது அது எந்தக் குழந்தைகளுக்கு உரியது என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்பது. இந்தக் குறையுடன் பிறந்த எல்லாக் குழந்தைகளுமா, எக்மோவுக்குப் போனவர்கள் மட்டுமா, எந்த நாட்டில், எந்த ஆண்டுகளில் என்ற விவரம் இரண்டு வரிக்கு மேல் இடம் கேட்காது. அரசுக்கும் ஒரு வேண்டுகோள். கருவிலேயே கண்டறியப்பட்டவர்கள், வழியில் இறந்தவர்கள், எக்மோ கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என அனைவரையும் உள்ளடக்கிய மாநிலப் பதிவேடு ஒன்று வேண்டும். தாய்-சேய் நலத்தில் ஒவ்வொரு கர்ப்பத்தையும் எண்ணிட்டுப் பதியும் பழக்கம் உள்ள மாநிலத்துக்கு இது இயலாத காரியமன்று. அப்படி ஒரு பதிவேடு உருவாகும்வரை, அமெரிக்காவின் டெக்சாஸிலும் மிச்சிகனிலும் தொகுக்கப்பட்ட எண்களை நம் குழந்தைகளுக்குக் கடன் வாங்கித்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணிப்புகள் அனைத்திலும் "பிழைத்தல்" என்பதற்குப் பொருள் மருத்துவமனையிலிருந்து உயிருடன் வீடு திரும்புதல் மட்டுமே. வீடு திரும்பிய பிறகும் பால் குடிப்பதில் சிரமம், எதுக்களிப்பு, எடை ஏறாமை, மூடிய துளை மீண்டும் திறத்தல், வளர்ச்சிப் படிகளில் தாமதம் ஆகியவை இவர்களில் பலருக்கு வருகின்றன. கேட்கும் திறன் பிறந்த சில வாரங்களில் செய்யும் பரிசோதனையில் சரியாக இருந்து, பின்னர் மெல்லக் குறைவதும் உண்டு. பேச்சு தாமதமாவதைப் பார்த்து, "அப்பாவும் இப்படித்தான் லேட்டாப் பேசினார்" என்று குடும்பம் காத்திருந்துவிடுகிறது. எக்மோவில் இருந்த ஒவ்வொரு குழந்தையின் டிஸ்சார்ஜ் அட்டையிலும், பள்ளிக்குச் செல்லும் வயதுவரை செய்யப்பட வேண்டிய செவிப் பரிசோதனைகளின் தேதிகளை மருத்துவமனைகள் எழுதித்தர வேண்டும். அந்தத் தேதிகளில் குழந்தை வராவிட்டால் ஊரிலுள்ள கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக அவர்களைத் தேடி அழைக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பச்சிளங்குழந்தை மருத்துவர்,
திருச்சிராப்பள்ளி.